சம்பந்திக்கும் எனக்கும் ஒரே ரூமு

அந்த ரூமு வேண்டாங் கண்ணு.

தப்பா நெனச்சுக்காத, உன்ற போன எட்டிப் பாக்கோணும்னு பாக்கல. பஸ்சு குலுங்குன குலுங்குல என்ற கண்ணு தானா அங்க போயிருச்சு. கீழ பாயி, முட்டி ஒசரத்துக்கு ஒரு மேசை, நடுவால வெள்ளைக் கதவு. பாத்ததுமே எனக்கு இடுப்பு வலிக்குது. டோக்கியோதான? அதான பாத்தேன். கல்யாணம் ஆயி மொத தடவையா போறீங்களா? அப்ப சரி, ரெண்டு பேரு மட்டும்னா பரவால்ல. இருந்தாலும் கேட்டுக்க. பல்லடம் தாண்டறதுக்குள்ள சொல்லி முடிச்சர்றேன். முடியலீன்னா குடிமங்கலம் வரைக்கும் சொல்றேன், நான் அங்கதான் எறங்கோணும்.

எனக்கு ஊரு கோபி. பேரு வசந்தாமணி. எங்கூட்டுக்காரரு கரண்டு ஆபீசுல லைன் இன்ஸ்பெக்டரா இருந்து ரிட்டயர்டு ஆனவரு. ஒரே பையன், தீபன். டோக்கியோல கம்ப்யூட்டர் வேலை. மருமவ நிரஞ்சனாளுக்கும் அங்கயே வேலை. பேத்தி பொறந்து, இப்பதான் தவழ ஆரம்பிச்சிருந்தா. மருமவளுக்கு லீவு முடிஞ்சு வேலைக்குப் போகோணும், கொழந்தையப் பாத்துக்க பெரியவங்க வேணும்னாங்க. ஆனா அவங்க ஊடு தீப்பெட்டியாட்ட. ஒரு சோடிதான் தங்க முடியும். நாங்க இருக்கறதா, மருமவளோட அப்பா அம்மா இருக்கறதா? யாரு மனசு நோகறது? அதனால எம்பையன் ஒரு வழி சொன்னான். நாலு பேரும் வாங்க, கொஞ்ச நாளைக்குப் பக்கத்துல ஓட்டல்ல தங்குங்க, வந்து போயி இருங்க, பாப்பா யாருகிட்ட ஒட்டுதோ அவங்க மூணு மாசம் இருங்க, மத்தவங்க அடுத்த தடவை வாங்கன்னான்.

நல்ல யோசனைதான். என்ற வயித்துல பொறந்தவனில்ல.

ஓட்டல் பாக்கறதுக்குன்னு வீடியோ கால்ல எல்லாரையும் ஒண்ணாக் கூப்புட்டான். இக்கட்ட நாங்க, அக்கட்ட சம்பந்தி ஊடு. சம்பந்திக்குத் தென்னந்தோப்பு இருக்குது. மனுசன் தங்கம். வாயே தொறக்க மாட்டாரு. சம்பந்தியம்மா பேரு ரத்தினாம்பாளு. அவங்க எல்லாருக்கும் சேத்துத் தொறப்பாங்க.

தீபன் ரெண்டு ஓட்டல் காட்டுனான். ஒண்ணு நம்மூரு லாட்ஜாட்ட, கட்டிலு, தாப்பா, எல்லாம் இருக்குது. சோடிக்கு ஒரு ரூமு. ஆனா ரூமு சின்னது, பெட்டிய விரிச்சு வெச்சா ஆளு கட்டில் மேல ஏறித்தான் நடக்கோணும். இன்னொண்ணு சப்பான்காரங்க பழைய முறையில நடத்தறது. ஒரே பெரிய ரூமு, நடுவால தள்ளுற கதவு போட்டு ரெண்டாப் பிரிச்சிருக்குது. கட்டில் கெடையாது. கீழ பாயி, மேல மெத்தை. குளிக்கறதுக்குக் கீழ பொதுவுல ஒரு தொட்டி.

"எனக்கு முட்டி வலி, கட்டில் இருக்கறதே போட்ருங்க மாப்ள"ன்னாங்க சம்பந்தியம்மா.

நான் சொன்னேன், "கீழ படுக்கறதுதானுங்க ஒடம்புக்கு நல்லது. அவ்வளவு தூரம் போயிட்டு லாட்ஜுல தங்கறதா? அந்த ஊருக்குப் போனா அந்த ஊராட்ட இருக்கோணுமில்லீங்க."

அவங்க முட்டி வலின்னு சொன்னதுக்காக நான் அப்புடிச் சொல்லல கண்ணு. கீழ உக்காந்து கொழந்தைய எடுக்க முடியாதவங்க எப்புடிக் கொழந்தைய வளப்பாங்கன்னு மருமவளுக்கே தெரியட்டும்னு ஒரு நல்ல எண்ணத்துல சொன்னது. அதுக்கும் இதுக்கும் வித்தியாசம் இருக்குது.

எங்கூட்டுக்காரரு மொல்ல, "ரெண்டு ரூமே போட்ரலாம் வசந்தா"ன்னாரு. நான் போனைத் திருப்பி வெச்சுப்போட்டேன்.

போயி எறங்குனோம், நான் சொன்ன ஓட்டல்லதான். ஓட்டல் வாசல்லயே ஒரு அம்மா மண்டி போட்டு உக்காந்து தலை குனிஞ்சு கும்புட்டுச்சு. என்ற வயசுதான் இருக்கும். எங்கூட்டுக்காரரு என்னத்தையோ நெனச்சுக்கிட்டு இவரும் குனிஞ்சாரு. அது இன்னும் கொஞ்சம் குனிஞ்சுது. இவரு இன்னும் கொஞ்சம் குனிஞ்சாரு. பொறவு சம்பந்தியும் சேந்துக்கிட்டாரு. மூணு பேரும் நெல்லு குத்தறாப்புல குனிஞ்சு குனிஞ்சு எந்திரிக்கறாங்க, யாரு நிறுத்தறதுன்னு யாருக்கும் தெரியல. நான் அவரு சட்டைக் காலரப் புடிச்சு இழுத்ததுக்கு அப்பறந்தான் உள்ளயே போனோம்.

அப்பறம் செருப்பு. வெளியில போட்டதை வாசல்லயே விட்ரோணும். உள்ள நடக்கறதுக்கு ஒரு செருப்பு குடுக்கறாங்க. ரூமுக்குள்ள பாயில கால் வெக்கறப்ப அதையும் கழட்டிரோணும். பாத்ரூமுக்குப் போனா அங்க தனியா ஒரு செருப்பு. ஆரு நெனப்பு வெச்சுக்கறது இதையெல்லாம்? மொத நாளே பாத்ரூம் செருப்போட கீழ ஆபீஸ் வரைக்கும் போயி, காப்பி கெடைக்குமான்னு கேட்டுட்டு, சாப்புடற எடத்துல ஒரு சுத்து சுத்திட்டு வந்தேன். எல்லாரும் என்ற காலையே பாத்துக்கிட்டுக் குனியறாங்க. பரவால்லயே, பெரியவங்க கால்ல உழுகற பழக்கம் இங்கயும் இருக்குதாட்ட இருக்குதுன்னு நெனச்சேன். சம்பந்தியம்மாதான் ரூமு வாசல்ல நின்னுக்கிட்டு, "செருப்பு மேல என்னமோ எழுதிருக்குதுங்க, அதே எழுத்துதான் கக்கூசு கதவுலயும் இருக்குது"ன்னாங்க. சிரிச்சிருக்கலாமில்ல. சிரிக்காம சொன்னாங்க. அதுதான் எனக்குக் கோவம்.

உடுத்தறதுக்கு அங்கி குடுத்தாங்க. பருத்தியில, பூப்போட்டு, நல்லாத்தான் இருந்துச்சு. நானும் நைட்டிக்கு மேல சுத்தி, நாடாவைக் கட்டிக்கிட்டு வெளிய வந்தேன். அந்த ஓட்டல் அம்மா பாத்துட்டு ஓடி வந்து என்னைத் தனியாக் கூட்டிட்டுப் போயி, அவுத்து, மாத்திச் சுத்தி விட்டுச்சு. எதுக்குன்னு சாயங்காலம் பையன் வந்து சொன்னான். நான் சுத்துன பக்கம் பொணத்துக்குச் சுத்தற பக்கமாமா. நீயே சொல்லு கண்ணு, சம்பந்தியம்மா அதே அங்கிய மொத தடவையே சரியாக் கட்டியிருந்தாங்க. எப்புடி? நான் கட்டறதப் பாத்துட்டு அதுக்கு எதிரா கட்டியிருக்கறாங்க. எதுலயும் எனக்கு எதிராப் பண்றதுதான். அதுல அவங்களுக்கு அதிர்ஷ்டம் அடிச்சுருச்சு.

இனி முட்டிக் கதையக் கேளு. மொத நாள் சாப்பாடு ரூமுக்கே வந்துச்சு. எல்லாரும் அந்தச் சின்ன மேசையச் சுத்திச் சம்மணம் போட்டு உக்காந்தோம். சம்பந்தியம்மா சும்மா மடக்குன்னு உக்காந்துட்டாங்க. சாப்புட்டாங்க, மடக்குன்னு எந்திரிச்சுட்டாங்க. "இந்தப் பாயி மெத்துன்னு இருக்குதுங்க, முட்டி வலிக்கவே இல்ல"ன்னு வேற சொல்றாங்க. எனக்கு எந்திரிக்க வரல. ஒரு காலு மரத்துப் போச்சு, இன்னொரு காலு எங்க இருக்குதுன்னே தெரியல. எங்கூட்டுக்காரரு ஒரு கையி, சம்பந்தியம்மா ஒரு கையி, ரெண்டு பேருமாச் சேந்து கெணத்துல இருந்து மோட்டாரைத் தூக்கற மாதிரி தூக்கி நிறுத்துனாங்க. நன்றி சொல்லாம எப்புடி இருக்கறதுன்னு, "மெதுவாத் தூக்குங்க"ன்னு மட்டும் சொன்னேன்.

மொத நாள் பேத்தியப் பாக்கப் போனோம். நானும் கைய நீட்டுறேன், அவங்களும் கைய நீட்டுறாங்க. "வா தங்கம், ஆத்தாகிட்ட வா"ன்னு நான். "வா சாமி, அம்மாயிகிட்ட வா"ன்னு அவங்க. நான் கொஞ்சம் சத்தமாச் சொன்னேன். அவங்க அதவிடச் சத்தமாச் சொன்னாங்க. கொழந்தை ரெண்டு பேரையும் மாறி மாறிப் பாத்துட்டு, ஊரே கேக்கறாப்புல வீல்னு கத்துச்சு. பக்கத்து ஊட்டுக்காரரு வந்து கதவைத் தட்டி, எல்லாம் நல்லா இருக்குதான்னு கேட்டுட்டுக் குனிஞ்சுட்டுப் போனாரு.

அடுத்த நாள் நான் போகல. அவங்க போகட்டும்னு இருந்தேன். மொதல்ல ஓடிப் போயி நின்னா அலையறதாட்ட இருக்குமில்ல. அவங்களும் அதையே நெனச்சாங்களோ என்னமோ, போகல. நான் எங்கூட்டுக்காரரத் தாட்டி உட்டேன். "நீங்க போயி உக்காந்திருங்க. சம்பந்தி வந்து என்ன பண்றாரு, மருமவ அவருகிட்ட என்ன சொல்றா, எல்லாத்தையும் பாத்துட்டு வாங்க"ன்னேன். சம்பந்தியம்மாளும் அவங்க ஊட்டுக்காரர அதுக்கேதான் அனுப்பியிருக்கறாங்க. ரெண்டு ஆம்பளைகளும் ஒண்ணாக் கெளம்பிப் போவாங்க, மத்தியானம் ஒண்ணா வருவாங்க, சாப்புட்டுட்டு மறுக்காப் போவாங்க. "என்ன நடந்துச்சு?"ன்னா, "ஒண்ணுமில்ல, பாப்பா தூங்குச்சு"ம்பாரு. வேவு பாக்கறதுக்குக்கூட லாயக்கில்லாத மனுசன்.

அந்தக் கதவு. சொன்னேனில்ல, நடுவால ஒரு கதவு. கதவுன்னா கதவா அது? குச்சியில காகிதத்த ஒட்டி வெச்சிருக்கறாங்க. அது எனக்கு எப்புடித் தெரியும்? நம்மூருல கதவுன்னா கதவு. ஒரு நாளு மத்தியானம், சாப்புட்டு முடிச்சு, எங்கூட்டுக்காரரு அப்புடியே சாஞ்சிருந்தாரு. நான் மனசுல இருந்ததக் கொஞ்சம் எறக்கி வெச்சேன். அந்தம்மா கொழந்தைக்குப் போனக் காட்டித்தான் சோறு ஊட்டும், பொண்ண வளத்த லட்சணந்தான் தெரியுதே, சமையல்ல எதைச் செஞ்சாலும் தேங்காயத் தூக்கிப் போட்டுரும், தோப்பு வெச்சிருக்கறத சாம்பாருலயும் காட்டோணுமா, இப்புடிச் சும்மா நாலு வார்த்தை. நாலுதான். கொஞ்ச நேரம்.

பேசி முடிக்கறேன், அக்கட்ட ஒரு தும்மல். பக்கத்துல நின்னு தும்மறாப்புல.

எங்கூட்டுக்காரரு கண்ண இறுக்கி மூடிக்கிட்டாரு.

அப்பறம் அக்கட்டயிருந்து சம்பந்தியம்மா பேசறாங்க, அவங்க ஊட்டுக்காரருகிட்டப் பேசறாப்புல. "ஏனுங்க, சில பேரு இருக்கறாங்க பாருங்க, பையனுக்குப் பத்தாவது படிக்கற வரைக்கும் சோறு ஊட்டி உட்டுட்டு, அடுத்தவங்க வளர்ப்பப் பத்திப் பேசுவாங்க"ன்னாங்க.

ஒம்பதாவது வரைக்குந்தான் கண்ணு ஊட்டுனேன். பத்தாவதுல அவனே நிறுத்திட்டான்.

நான் எங்கூட்டுக்காரருகிட்டச் சொன்னேன், "ஏனுங்க, சில பேருக்கு ஒட்டுக் கேக்கறதே வேலை." அக்கட்டயிருந்து, "ஏனுங்க, காதைப் பொத்துனாக்கூடக் கேக்குதே, என்னங்க பண்றது?" இப்புடியே போச்சு. நேருக்கு நேரா ஒரு வார்த்தை பேசிக்கல. நேருல பாத்தா, "சாப்புட்டீங்களா சம்பந்தியம்மா?" "ஆச்சுங்க, நீங்க?" கதவைச் சாத்துனா மறுபடியும் ஏனுங்க. பாவம் அந்த ரெண்டு ஆம்பளைகளும், பொழுது விடிஞ்சதும் பேத்தி ஊட்டுக்கு ஓடுவாங்க. பாசம்னு நெனச்சுக்கிட்டேன்.

பொறவு ஒரு நாளு அக்கட்ட சத்தமே இல்ல. சம்பந்தியம்மா போன்ல குசுகுசுன்னு பேசறாங்க. பொண்ணுகிட்டத்தான் பேசறாங்கன்னு தெரியுது, என்ன பேசறாங்கன்னு தெரியல. மருமவளை எம்மேல தூண்டி உடறாங்களோன்னு ஒரு கவலை. நியாயமான கவலைதான? மொல்ல எந்திரிச்சுப் போயி கதவுல காதை வெச்சேன். கேக்கல. இன்னும் கொஞ்சம் சாஞ்சேன்.

அந்தக் கதவுக்குக் கீலு கெடையாது கண்ணு. மேலயும் கீழயும் சும்மா ஒரு பள்ளத்துல நின்னுக்கிட்டிருக்குது. அது யாரும் சொல்லல. கதவும் நானும் ஒண்ணாப் போயி அக்கட்ட உழுந்தோம். என்ற தலை காகிதத்தக் கிழிச்சுக்கிட்டு அந்தப் பக்கமா வெளிய வந்துருச்சு. நேரா சம்பந்தியம்மா காலடியில. அவங்க போனக் காதுல வெச்சபடியே என்னப் பாத்து, "வாங்க சம்பந்தியம்மா, தட்டியிருந்தா தொறந்திருப்பனே"ன்னாங்க.

போன்ல மருமவ, "என்னம்மா சத்தம்?"ங்கறா.

"ஒண்ணுமில்ல கண்ணு, உங்க அத்தை வந்திருக்கறாங்க"ன்னாங்க.

எனக்கு இடுப்பு புடிச்சுக்கிச்சு. ஓட்டல் அம்மா ஓடி வந்துச்சு. கதவப் பாத்து ஒரு வார்த்தை சொல்லல. என்னையப் பாத்துத்தான் அழுகாத கொறை. கைய, கால அமுக்கிப் பாத்துட்டு, கீழ இருக்கற சுடுதண்ணித் தொட்டிய சைகையிலயே காட்டி, அதுல உக்காந்தாச் சரியாப் போகும்னுச்சு. தனியா நடக்க முடியல. ஆம்பளைக ரெண்டு பேரும் பேத்தி ஊட்டுல. சம்பந்தியம்மாதான் தோளு குடுத்துக் கூட்டிட்டுப் போனாங்க. வேற வழி?

அங்க போனா, உன்கிட்டச் சொல்றதுக்கென்ன, நீயும் பொண்ணுதான. ஒரு நூலு துணி ஆகாதாம். எல்லாப் பொம்பளைகளும் பொறந்த கோலத்துல உக்காந்திருக்கறாங்க, ரேசன் கடை வாசல்ல உக்காந்திருக்கறாப்புல சாதாரணமா. கையில ஒரு சின்னத் துண்டு. அது கர்ச்சீப்புக்குக் கொஞ்சம் பெருசு. அதை வெச்சு எதைன்னு மறைக்கறது? நான் வாய்க்கால்ல குளிக்கறாப்புல பாவாடைய மாரு வரைக்கும் ஏத்திக் கட்டிக்கிட்டுப் போனேன். ஒரு கெழவி, எம்பது வயசிருக்கும், என்ற பாவாடையத் தொட்டுக் காமிச்சு, சிரிச்சுக்கிட்டே கைய ஆட்டிருச்சு.

நான் சம்பந்தியம்மாளப் பாத்தேன். அவங்க என்னையப் பாத்தாங்க. "நீங்க அந்தப் பக்கம் திரும்பிக்குங்க"ன்னேன். "நீங்களும் திரும்பிக்குங்க"ன்னாங்க. ரெண்டு பேரும் ஆளுக்கொரு செவுத்தப் பாத்து நின்னு ஆகவேண்டியதப் பாத்துட்டு, பின்னாடியே நடந்து போயி தண்ணியில எறங்குனோம். கழுத்து வரைக்கும் எறங்குனதுக்கு அப்பறந்தான் திரும்புனோம்.

சூடுன்னா சூடு. இடுப்பு வலி எங்க போச்சுன்னே தெரியல. ஆவியில முகமே சரியாத் தெரியல. அங்கயிருந்த பொம்பளைகளாட்ட சம்பந்தியம்மா அந்தத் துண்ட மடிச்சுத் தலை மேல வெச்சுக்கிட்டாங்க. நானும் வெச்சுக்கிட்டேன்.

கொஞ்ச நேரங் கழிச்சு அவங்களாத்தான் ஆரம்பிச்சாங்க. "பொண்ணு போனதுக்கப்பறம் ஊட்டுல பேச்சுச் சத்தமே இல்லீங்க. அவரு தேங்காய் போடற ஆளுககிட்ட மட்டுந்தான் பேசுவாரு. நான் ரேடியோகூடப் பேசிக்கிட்டிருக்கறேன். அது செய்தி படிக்கும், நான் பதிலு சொல்லுவேன்."

எனக்கு என்னமோ மாதிரி ஆயிருச்சு. "எங்கூட்டுல அதுவும் இல்லீங்க. இவரு கரண்டு போனாத்தான் வாயத் தொறப்பாரு. எந்த லைன்ல பால்ட்டுன்னு சொல்லிட்டு மூடிக்குவாரு"ன்னேன்.

சிரிச்சாங்க. அவங்க சிரிச்சு நான் பாத்தது அன்னைக்குத்தான். பல்லு வரிசை நல்லாத்தான் இருக்குது. அப்பறம் என்னென்னமோ பேசுனோம். மருமவளப் பத்தி நான் ஒண்ணு சொன்னேன், எம்பையனப் பத்தி அவங்க ஒண்ணு சொன்னாங்க, ரெண்டும் சரியாத்தான் இருந்துச்சு. கடைசியில ஒரு முடிவுக்கு வந்தோம். மூணு மாசத்தப் பாதியாப் பிரிச்சுக்கறது. மொத பாதி அவங்க சோடி, அடுத்த பாதி நாங்க. நான்தான் விட்டுக் குடுத்தேன், நீங்க மொதல்ல இருங்கன்னு. கொழந்தை நடக்க ஆரம்பிக்கறது எப்புடியும் அடுத்த பாதியிலதான், அது வேற விசயம். அந்தக் கெழவிதான் வந்து, முகமெல்லாம் செவந்து கெடக்குது, எந்திரிங்கன்னு சைகை காட்டி ரெண்டு பேரையும் வெளிய ஏத்தி உட்டுச்சு.

நேரா பேத்தி ஊட்டுக்குப் போனோம், ரெண்டு பேரும் கையப் புடிச்சுக்கிட்டு. வழுக்குமோன்னு புடிச்சோம், வேற ஒண்ணுமில்ல. போயி முடிவச் சொல்லலாம்னு கதவத் தொறந்தா, எங்கூட்டுக்காரரு நெஞ்சுல துணியக் கட்டி, அதுல பாப்பா தூங்குது. சம்பந்தி அடுப்படியில நின்னு பருப்பையுஞ் சோத்தையும் மசிக்கறாரு. இவரு அவருகிட்டச் சன்னமா, "உப்பு கம்மியாப் போடுங்க மச்சான்"ங்கறாரு. அவரு, "நெய்யி ஒரு சொட்டு விடட்டுங்களா மச்சான்?"ங்கறாரு. மச்சானாமா. பேசறாங்க கண்ணு. ரெண்டு பேரும் பேசறாங்க. முப்பத்தஞ்சு வருசமா என்கிட்டப் பேசாத பேச்சு.

நான் விசயத்தச் சொன்னேன். பாதிப் பாதின்னு. எம்பையன் அவன் கால் வெரலையே பாத்துக்கிட்டிருந்தான். மருமவதான் பேசுனா. "அத்தை, பாப்பா யாருகிட்ட ஒட்டுதோ அவங்க இருக்கட்டும்னுதான பேசுனோம்? அப்பாகிட்டயும் மாமாகிட்டயும் ஒட்டிக்கிட்டா. ஒரு சோடிதான தங்க முடியும், அவங்க ரெண்டு பேரும் இருக்கட்டும்."

"அது எப்புடிச் சோடி ஆகும்?"ன்னேன்.

"ஊடு அமைதியா இருக்குது அத்தை"ன்னா.

நான் எங்கூட்டுக்காரரப் பாத்தேன். சரி, இவரு ஒத்துக்க மாட்டாரு, நான் இல்லாம இவருக்குக் காப்பிகூட வெக்கத் தெரியாதுன்னு பாத்தா, அவரு ஒதட்டுல வெரல வெச்சு, "உஸ்ஸு, கொழந்தை தூங்குது"ங்கறாரு. என்கிட்ட.

அப்பறமென்ன, ஒரே பிளேன்ல நானும் சம்பந்தியம்மாளும் பக்கத்துப் பக்கத்து சீட்டுல திரும்பி வந்தோம். கோயமுத்தூரு வர்ற வரைக்கும் வாய் ஓயல. ரெண்டு பேரும் ரெண்டு ஆம்பளைகளையும் திட்டிக்கிட்டே வந்ததுல பொழுது போனதே தெரியல.

இதுக்கெல்லாம் காரணம் என்ன? யோசிச்சுப் பாரு. அந்த ஓட்டல்தான். கட்டிலு, தாப்பா போட்ட ரூமு எடுத்திருந்தா நான் பேசுனது அவங்களுக்குக் கேட்டிருக்காது, ஆம்பளைக ரெண்டு பேரும் ரூம உட்டு ஓடியிருக்க மாட்டாங்க, நான் இன்னைக்கு டோக்கியோல பேத்திய மடியில வெச்சுக்கிட்டு உக்காந்திருப்பேன். ஓட்டல் பாக்கறப்ப எம்பையன் நல்லா வெவரமாச் சொல்லியிருக்கோணும். சொல்லல. யாரு மேல தப்பு?

இப்ப எங்க போறனா? குடிமங்கலத்துக்கிட்ட அவங்க தோப்புக்குத்தான். ரெண்டு நாளைக்கு. இந்தப் பையா? சும்மா, பத்துச் சேலை, என்ற தலகாணி, ஊறுகாய் பாட்டிலு. போன தடவையும் ரெண்டு நாளைக்குன்னுதான் வந்தேன், கோயில் நோம்பி முடிஞ்சுதான் போனேன். அந்தம்மா தனியா இருக்குதில்ல, பாவம். ஒரு வேலை ஒழுங்காச் செய்யத் தெரியாது, நான் இருந்து சொல்லிக் குடுக்கோணும். நேத்து ராத்திரி போன்ல சண்டை. ரசத்துல தேங்காய்ப் பால் ஊத்தறாங்களாம். நேர்ல வந்து பேசிக்கறேன்னு வெச்சுட்டேன்.

தம்பி, கண்டக்டர் தம்பி, அந்த நால்ரோட்டுல நிறுத்துங்க. அங்க பாரு கண்ணு, புளியமரத்து நெழலு அவ்வளவு இருக்குது, அதை உட்டுட்டு அந்தம்மா நட்ட நடு வெயில்ல வந்து நிக்குது பாரு, நெழல்ல நின்னா எனக்குத் தெரியாமப் போயிருமோன்னு. வெவரங் கெட்ட பொம்பளை. இதை நம்பி எப்புடி ஒரு கொழந்தையக் குடுப்பாங்க?

கொஞ்சம் அந்தப் பைய எடுத்துக் குடு சாமி. பாத்துக் குடு, ஊறுகாய் சாயப் போகுது. அவங்களுக்குப் புடிக்குமேன்னு நார்த்தங்காய் போட்டிருக்கறேன்.